இருபத்தேழு புள்ளி எட்டு

மலைகள் தேயும், ஏரிகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகும், ஆட்சிகள் வரும், போகும். மாறாத ஒன்று இந்தப் பெங்களூரில் உண்டென்றால் அது ஹொசூர் ரோட்டில் இருக்கும் தென்னகத் தரவுப் பாதுகாப்பு மேன்மை நிலையத்தின் சர்வர் அறை வெப்பநிலைதான். இருபத்தேழு புள்ளி எட்டு டிகிரி. சித்திரையிலும் அதுவே, மார்கழியிலும் அதுவே. மின்சாரம் போய் ஏ.சி. நின்றாலும் அதுவே.

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு அது நாற்பத்தொன்று புள்ளி ஐந்து ஆயிற்று.

அப்போது திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் மதியழகன். கோலார் தங்கவயலில் பிறந்து, ஆஸ்டின் டவுனில் குடும்பம் நடத்தி, நிலையத்தின் சர்வர்களைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறவன். அன்று காலை அவன் செய்த காரியம் ஒன்றே ஒன்று. சர்வர்களின் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் அடிமடியில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் ஓட்டும் அந்தப் பகுதியை, புதியதாக மாற்றினான். அதற்கு அனுமதி வாங்க நான்கு மாதமும் பதினொரு கையெழுத்தும் ஆகியிருந்தன. மாற்ற ஆன நேரம் ஆறு நிமிடம்.

நிலையம் பாதி அரசு, பாதி தனியார். அரசிடமிருந்து வேகத்தையும் தனியாரிடமிருந்து தாராள மனத்தையும் எடுத்துக்கொண்டு அமைத்தது. அங்கே இருபத்தேழு புள்ளி எட்டு என்பது வெறும் எண் இல்லை. வரவேற்பறையில் பித்தளையில் வார்த்து வைத்திருந்தார்கள். கடிதத்தாளின் தலையில் இருந்தது. கிரிக்கெட் அணிக்கு அதுவே பெயர். சர்வர் அறை இருபத்தேழைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று உலக வழக்கு ஒன்று உண்டு. இயக்குநர் சேஷகிரி அதை மறுபரிசீலனை செய்யும்படி உலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். உலகம் இன்னும் பதில் போடவில்லை.

ஐந்தரை வருடமாக ஒரு புள்ளி கூட அசையாத அந்த எண்ணுக்கு வரும் சனிக்கிழமை இரண்டாயிரமாவது நாள். விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. வெப்பநிலையைத் திரையில் காட்டும் ஸ்கிரிப்டை, அந்தச் சின்ன நிரலை, எழுதியவன் என்ற முறையில், ஆயிரமாவது நாளில் மதியழகனுக்குச் சால்வை போர்த்தி 'வெப்பக் காவலர்' என்று பட்டம் கொடுத்திருந்தார்கள். மனைவி மலர் அந்தப் போட்டோவை வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருந்தாள்.

இடையில் ஒரு சின்னச் சங்கடம் இருந்தது. அந்த அறைக்குள் போய் வருகிறவர்கள் தலைக்குக் குளித்தவர்கள் மாதிரி வெளியே வந்தார்கள். சர்வர்களின் விசிறிகள் விமானம் கிளம்புவது போல் இரைந்தன. பார்வையாளர்களிடம் அதை 'சுறுசுறுப்பின் ஒலி' என்று அறிமுகம் செய்தார்கள். டிஸ்க்குகள் மாதத்துக்கு நாலு செத்தன. டிஸ்க் சப்ளை செய்தவர்களை மூன்று முறை மாற்றினார்கள். மதியழகனும் உள்ளே போவான், சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், நெற்றியைத் துடைத்தபடி வெளியே வந்து திரையைப் பார்ப்பான். இருபத்தேழு புள்ளி எட்டு. சரி, குறை நம் உடம்பில்தான் என்று முடிவு செய்து, போன வருடம் மலரோடு போய்த் தைராய்டு டெஸ்ட் எடுத்துக்கொண்டான். தைராய்டு நன்றாக இருந்தது. அதுவும் அவனுக்குக் கவலையாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை பதினொன்றரைக்கு அவசரக் கூட்டம் கூடியது. தலைமை தாங்கியவர் தர மேன்மை அதிகாரி வீணா. சிவமொக்காக்காரர், கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நடைமுறைகளை மனப்பாடமாகச் சொல்வார்.

"ஃபர்ஸ்ட் திங் ஃபர்ஸ்ட்," என்றார். "ஸ்க்ரீன்ல இந்த ரெட் கலர் யாரு வெச்சது? விசிட்டர்ஸ் பாத்தா ஏன் அன்கோத்தாரே, என்ன நெனப்பாங்க? ஆரஞ்ச் பண்ணுங்க."

ஆரஞ்சு ஆக்கினார்கள். சாயங்காலத்துக்குள் அது மாம்பழ மஞ்சள் ஆகியிருந்தது.

"மேடம், ஒருவாட்டி ரூமுக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்துடறேனே," என்றான் மதியழகன்.

"எப்படிப் போவீங்க? என்ட்ரி ஃபார்ம்ல டெம்பரேச்சர் நார்மல்னு டிக் பண்ணணும். இப்போ நார்மலா?"

"இல்ல மேடம்."

"மத்தே? அப்புறம் எப்படி?"

ஆகவே வெப்பநிலை சரியாகும் வரை வெப்பநிலையைப் பார்க்க யாரும் உள்ளே போகக் கூடாது என்று தீர்மானமாயிற்று. பழைய கெர்னலுக்கே திரும்பிவிடலாமா என்றால், அதற்கும் அதே பதினொரு கையெழுத்து வேண்டும். அதில் ஒருவர் ரிடையர் ஆகி மங்களூருக்குப் போய்விட்டார். மிச்சம் இருந்தது ஒரே சந்தேகம். சென்சார் சொல்வதை வாங்கிக் கணினிக்குச் சொல்லும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். புது கெர்னலோடு ஒரு புது டிரைவர் வந்திருந்தது. குற்றவாளி அதுதான் என்று கூட்டம் ஏகமனதாக நம்பியது. புதிதாக வந்தவர்கள் மேல் சந்தேகப்படுவது நிலையத்தின் பழைய வழக்கம்.

செவ்வாய்க்கிழமை மதியழகன் ஸ்டோரிலிருந்து ஒரு பழைய சர்வர் போர்டைக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு பேன்ட்ரிக்குப் போனான். அந்த மாடியில் அடுப்பும் ஃபிரிட்ஜும் ஒரே இடத்தில் இருந்தது அங்கேதான். பழைய கெர்னலை ஏற்றி, பழைய சென்சாரைப் படித்தான். இருபத்தேழு புள்ளி எட்டு. போர்டைக் கொதிக்கிற கெட்டிலுக்குப் பக்கத்தில் கால் மணி நேரம் வைத்தான். இருபத்தேழு புள்ளி எட்டு. ஃபிரிட்ஜைத் திறந்து, தயிர் டப்பாக்களைத் தள்ளிவிட்டு, ஒயரோடு போர்டை உள்ளே வைத்தான்.

பேன்ட்ரியைப் பார்த்துக்கொள்ளும் விவேக் நகர் ரோஸி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னா சார், கம்ப்யூட்டருக்கு ஜுரமா?"

"சும்மா ஒரு டெஸ்ட்டு, ரோஸி."

"டெஸ்ட்டுனா சீக்கிரம் எடுங்க. டைரக்டர் தயிரு அது. சூடாச்சுனா என்னியக் கேப்பாரு."

அரை மணி கழித்துப் பார்த்தான். இருபத்தேழு புள்ளி எட்டு.

அது எதையும் அளக்கவில்லை. போர்டைச் செய்தவர்கள், அந்த இடம் காலியாக இருக்க வேண்டாமே என்று போட்டு வைத்த ஓர் எண். கடைப் பொம்மையின் கையில் கட்டிவிட்ட கடிகாரம். கணினி கிளம்பும்போது தனக்குக் கிடைக்கும் சென்சார்களுக்குப் பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று வரிசை எண் கொடுக்கும். பழைய கெர்னலில் பூஜ்யம் இந்தப் பொம்மை. புது கெர்னலில், நிஜமாகவே காற்றின் சூட்டை அளக்கும் சென்சாருக்கு டிரைவர் வந்து, அது முந்திக்கொண்டு பூஜ்யமாகிவிட்டது. மதியழகனின் ஸ்கிரிப்ட் இரண்டு கெர்னலிலும் பூஜ்யத்தைத்தான் கேட்டது. புதியது உண்மையைச் சொல்லிவிட்டது.

இடத்துக்கு வந்து அந்த ஸ்கிரிப்டைத் திறந்தான். மூன்றாவது வரியில் அவன் பெயர். நான்காவது வரியில் பூஜ்யம். அதன் பக்கத்தில், ஐந்தரை வருடத்துக்கு முன் அவனே எழுதி வைத்த குறிப்பு: 'இப்போதைக்கு சீரோ. நாளைக்கு செக் பண்ணணும்.'

காது மடல் இரண்டும் சூடாயின. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு ஸ்கிரிப்டை மூடினான். ஆனால் அந்தப் பூஜ்யத்தால் அவன் முகம் சிவந்தது பாதிதான். மீதிப் பாதிக்குப் பெயர் நாராயணசாமி.

நாராயணசாமியும் தங்கவயல்காரர். சுரங்கம் ஓடிய காலத்தில் அதன் குளிரூட்டும் பிளான்ட்டில் வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடியதும், மற்ற ஆயிரம் பேரைப் போல விடிகாலை ரயிலேறிப் பெங்களூர் வந்து, கடைசியில் நிலையத்தில் ஏ.சி. மெக்கானிக் ஆனார். ஆயிரமாவது நாள் விழாவுக்கு, மேம்பாலத்தில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று மொட்டை மாடியில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். கட்டிய இடம், ஏ.சி.யின் வெளி யூனிட்டுகள் சூட்டைக் கக்கும் கம்பி வேலி. மறு வாரமே நாராயணசாமி வந்து சொன்னார்: பேனரை அவிழ்க்க வேண்டும், யூனிட்டுக்கு மூச்சு முட்டுகிறது, அறை வேகிறது. யாரும் கேட்கவில்லை. லிங்கராஜபுரத்து மெடிக்கல் கடை ஒன்று இனாமாகக் கொடுத்த வெப்பமானியைக் கொண்டுவந்து சர்வர் அறைச் சுவரில் மாட்டினார். அது முப்பத்தொன்பது காட்டியது.

விசாரணை நடந்தது. குற்றம் இரண்டு: நிலையத்தின் பேனரை அவமதித்தது, அனுமதியில்லாத கருவியால் அளந்தது. தொழில்நுட்பச் சாட்சியாக மதியழகனைக் கூப்பிட்டார்கள். 'திரையில் தெரியும் எண்ணே சரியானது. புகாரில் உண்மை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு அறையிலிருந்து வந்த ஈரம் இன்னும் காயாத சட்டையோடுதான் போட்டான். அடுத்த மாதம் நாராயணசாமியின் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. கைப்பற்றிய வெப்பமானியைப் பத்திரமாக வைத்துக்கொள்ள மதியழகனிடமே கொடுத்தார்கள். அது அவன் மேசை டிராயரில் ஸ்டேப்ளருக்கு அடியில் கிடந்தது. நாராயணசாமிக்குப் பதில் வந்த கம்பெனி ஆளே அனுப்புவதில்லை. தூரத்திலிருந்து திரையைப் பார்க்கும், இருபத்தேழு புள்ளி எட்டு என்றால் 'சர்வீஸ் தேவையில்லை' என்று செய்தி அனுப்பும்.

புதன்கிழமை மதியம் லிங்கராஜபுரத்தில், பழைய ஃபிரிட்ஜுகள் வரிசையாக நிற்கும் ஒரு சின்னக் கடை முன்னால் மதியழகன் ஸ்கூட்டரை நிறுத்தினான்.

"இன்னா தம்பி, வழி தப்பிட்டியா?" நாராயணசாமி ஒரு கம்ப்ரஸரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

"இல்லண்ணா. உங்களத்தான் பாக்க வந்தேன்."

"வூட்ல ஃபிரிட்ஜு ரிப்பேரா?"

"ஆபீஸ்ல. ரூமு... நாப்பத்தொண்ணு காட்டுதுண்ணா."

நாராயணசாமி துணியைக் கீழே வைத்தார். "நாப்பத்தொண்ணா? நான் சொல்லும்போது முப்பத்தொம்போது. பரவால்ல, வளர்ச்சி கீது."

மதியழகனால் சிரிக்கவும் முடியவில்லை.

"பத்தாயிரம் அடிக்குக் கீழ, பாறையத் தொட்டா கை பொரியற எடத்துல காத்து அனுப்புனவன் தம்பி நானு. கதவத் தொறந்தாலே மூஞ்சில அடிக்கற சூட்டச் சொல்லத் தெரியாதா எனக்கு? நீ அந்த டிவியப் பாத்து கையெழுத்துப் போட்ட. உங்கப்பாவும் கீழ எறங்குனவருதான. அவருகிட்டக் கேட்டிருந்தாலே சொல்லிருப்பாரு."

"தப்புதாண்ணா."

"சரி, வுடு. இப்ப இன்னா பண்ணணும்?"

"சனிக்கெழம ஃபங்ஷன். அதுக்குள்ள யாருக்கும் தெரியாம..."

"யாருக்கும் தெரியாம." நாராயணசாமி அந்த வார்த்தைகளை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "வர்றேன். கூலி ஒண்ணும் வாணாம். எனக்கு ரெண்டு சாமான் வேணும். என் தெர்மாமீட்டரு. அப்புறம் ஒரு பேப்பர். நாராயணசாமி சொன்னது நெஜம்தான்னு உன் கையால எழுதி, ஆபீஸ் சீலோட. வேல திரும்ப வேணாம். என் மருமவன் வூட்ல இன்னும் நான் ஏதோ திருடிட்டு வெளிய வந்தேன்னு நெனச்சிகினு கீறாங்க."

"கண்டிப்பாண்ணா," என்றான் மதியழகன். சொல்லும்போது அவன் அதை நம்பினான்.

நாராயணசாமியின் பெயர் வாசலில் தடை செய்யப்பட்டவர்கள் பட்டியலில் இருந்தது. வியாழக்கிழமை மதியழகன் வருகையாளர் புத்தகத்தில், பெயரை என்.சாமி என்றும், வந்த காரியத்தை 'பூச்செடி பராமரிப்பு' என்றும் தன் கையாலேயே எழுதினான். சந்தேகம் வராமலிருக்க ஒரு பூவாளியையும் கையில் கொடுத்தான். நாராயணசாமி அதை வாங்கி, உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

மொட்டை மாடியில் பேனர் இரண்டே முக்கால் வருடத்து வெயிலில் வெளுத்து, ஆனாலும் கிழியாமல், யூனிட்டுகளை மூடிக்கொண்டு நின்றது. அதில் மதியழகனின் படமும் இருந்தது, சால்வையோடு. நாராயணசாமி கட்டிங் பிளேயரை எடுத்துக் கயிறுகளை அறுத்தார். பேனர் சரிந்ததும் உள்ளே அடைந்து கிடந்த சூடு இருவர் முகத்திலும் அடித்தது. யூனிட்டின் பின்பக்கம் சேர்ந்திருந்த தூசியையும் புறா இறகையும் வாரி எடுத்துத் தண்ணீர் அடித்துக் கழுவினார். மொத்தம் நாற்பது நிமிட வேலை. போகும்போது, கொண்டுவந்த பூவாளி வீணாக வேண்டாம் என்று இரண்டு தொட்டிக்குத் தண்ணீரும் ஊற்றினார்.

"இந்தாங்கண்ணா." மதியழகன் வெப்பமானியை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தான்.

"பேப்பரு?"

"நாளைக்கு மீட்டிங்ல சொல்லிட்டு சீல் வாங்கித் தந்துடறேன்."

பகல் பன்னிரண்டுக்குத் திரையில் முப்பத்தாறு. இரண்டு மணிக்கு முப்பது. விசிறிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. பழகிய சத்தம் நின்றதில் பயந்துபோய் இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள். நாலு மணிக்கு இருபத்து நான்கு புள்ளி ஆறு. இரண்டே முக்கால் வருடத்தில் முதன்முறையாக அந்தச் சர்வர் அறைக்கு உடம்பு நன்றாக இருப்பதாக மதியழகனுக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமை கூட்டத்தின் பெயர் 'பழி கூறா ஆய்வுக் கூட்டம்'. யார் பெயரையும் உச்சரிக்கக் கூடாது என்பது விதி. தவறு நடந்தால் அது தானாக நடந்தது என்றே பேச வேண்டும். இயக்குநர் சேஷகிரி ஆங்கிலத்தில் உரையாற்றினார். தமிழில் அது இப்படி இருக்கும்:

"நண்பர்களே, ஓர் எண் ஐந்தரை ஆண்டுகள் நமக்கு உழைத்தது. ஒரு நாள் விடுப்பு எடுக்கவில்லை. நம்மில் யாரைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்? திங்கட்கிழமை அது நாற்பத்தொன்று ஆனது; நான் கலங்கவில்லை. நேற்று அது இருபத்து நான்கு ஆகியிருக்கிறது. இதுதான் என்னைக் கலங்க வைக்கிறது. சூடானால் காரணம் சொல்லலாம். சரியாகிவிட்டால், முன்பு சரியில்லை என்று ஆகிவிடும். அழைப்பிதழில் இருபத்தேழு புள்ளி எட்டு என்று அச்சாகியிருக்கிறது. இன்று எண்ணைச் சந்தேகிக்கிறவர்கள் நாளை அறிக்கையைச் சந்தேகிப்பார்கள். பிறகு அறிக்கையில் கையெழுத்துப் போட்டவரை. ஒன்றை நினைவில் வையுங்கள். நம்மை நியமித்தது அறையைக் குளிர வைக்க அல்ல. அறை குளிராக இருக்கிறது என்று மேலிடத்துக்குத் தெரிவிக்க."

கைத்தட்டினார்கள். மதியழகன் எழுந்து நின்றான்.

"சார், அந்தப் பழைய ரீடிங் நெஜமில்ல. ரூமு சூடாத்தான் இருந்திருக்கு. அப்பவே ஒருத்தர் சொன்னாரு, நாராயண..."

"நோ நேம்ஸ், ப்ளீஸ்," என்றார் வீணா. "இது பழி சொல்ற மீட்டிங் அல்ல."

"நான் பழி சொல்லல மேடம். அவரு மேல தப்பில்லனு சொல்றேன்."

"அதுவும் நேம்தானே, மதி. ரூல் எல்லாருக்கும் ஒண்டே."

சேஷகிரி கையமர்த்தினார். கூட்டம் முடிந்ததும் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தமிழிலேயே அன்பாகப் பேசினார்.

"மதி, நீ சொல்றது நெஜமாவே இருக்கட்டும். எழுதிக் குடு, நான் மேல அனுப்பறேன். அனுப்பினா என்ன கேப்பா? அந்த ஸ்கிரிப்ட எழுதினது யாருன்னு கேப்பா. செக் பண்ணினியான்னு கேப்பா. நீ செக் பண்ணினியோ?"

நாளைக்கு செக் பண்ணணும் என்ற வரி மதியழகனின் கண்ணுக்குள் வந்து நின்றது.

"இல்ல சார்."

"நான் கேக்கலப்பா. அவா கேப்பா. சாயங்காலத்துக்குள்ள இருபத்தேழு புள்ளி எட்டு வந்துட்டா, யாரும் எதுவும் கேக்க மாட்டா."

ஒரே வரி மாற்றம்தான். சென்சாரைப் படிக்கும் வரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எண்ணையே எழுத வேண்டும். மதியழகன் அதை எழுதினான். பக்கத்தில், பழக்க தோஷத்தில், 'இப்போதைக்கு' என்று ஒரு குறிப்பும் எழுதினான். அறிக்கையில் 'புதிய டிரைவரின் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று பதிவாயிற்று. திரை பச்சைக்குத் திரும்பியது.

ஐந்து மணிக்கு போன் வந்தது.

"தம்பி, பேப்பர் ரெடியா?"

மதியழகன் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனான். "ப்ராசஸ்ல இருக்குண்ணா."

மறுமுனையில் ஒரு ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்டது.

"சரிப்பா. செடிக்குத் தண்ணி ஊத்தணும்னா கூப்புடு." வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை புது பேனர் வந்து இறங்கியது. இரண்டாயிரம் நாள் ஆனதால் பழையதைப் போல இரண்டு மடங்கு. மேம்பாலத்திலிருந்து தெரிய வேண்டும் என்பதால் இடம் அதே கம்பி வேலிதான். பேனர்காரர் ஒரே ஆளாக வந்திருந்தார். காற்று வேறு பலமாக அடித்தது. மேலே நின்ற யாராவது ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

இடதுபக்கக் கயிற்றைக் கட்டியவன் மதியழகன். மூன்று முடிச்சு போட்டான்.